பேப்பர் காசு மட்டும் போதுமா?

"நம்ம புள்ளதானே... பேப்பர் காசு மட்டும் வாங்கிக்கடா!"

இது பெரியப்பா. தாத்தா பாட்டியை பிலிம் கேமராவில் கறுப்பு வெள்ளையில் எடுத்து ஆறு பிரிண்ட் போட்டுத் தரணும். அவராகக் கேட்ட வேலை. ரேட்டைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "விருத்தாசலத்துல பத்து ரூபாய்க்குப் போடுறான்" என்கிறார்.

போடுறாங்க, இல்லைன்னு யார் சொன்னா? அது மெஷின் போடும் பிரிண்ட். இது குளியலறையை இருட்டாக்கி, சிவப்பு பல்பு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் கையால் போடுவது. இரண்டுக்கும் ஒரே விலை எப்படிங்க?

நான் பி.காம். படிப்பவன். அடக்கவிலை பாடத்தில் 'இயல்பான நட்டம்' என்று ஒன்று வரும். வேலையில் தவிர்க்கவே முடியாத சேதாரத்தின் செலவை, தேறிய சரக்கின் தலையில்தான் ஏற்றணும். நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் புத்தகம் வைத்தா விளக்கணும்? விருத்தாசலம் செராமிக் சூளையில் வெடித்துப்போன பொம்மையின் செலவும் நல்ல பொம்மையின் விலையில்தானே உட்கார்ந்திருக்கு!

என் கதையும் அதேதான். ஆறு பிரிண்ட் தேற 14 தாள் போச்சு. ஒன்று கறுத்தது, ஒன்று வெளுத்தது, மிச்சம் சோதனைக்குப் போனது. கணக்குக்குத் தாள் 100 ரூபாய் என்று வையுங்க. 1400-ஐ ஆறால் வகுத்தால் பேப்பர் காசே 233 ரூபாய்! ரோல், கெமிக்கல், ரெண்டு ராத்திரித் தூக்கம் எல்லாம் தனி. கரைத்து வைத்த டெவலப்பர், ஆர்டர் வரலைன்னாலும் சில மாதத்தில் கெட்டுப்போகும். 1960-ல் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் மூடியாச்சு. இப்போ ரோலும் பேப்பரும் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு.

இன்னொன்று பல பேருக்குத் தெரியாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதாவது பெரியப்பா வாங்குவது வெறும் தாளை இல்லை, படத்தின் உரிமையையும் சேர்த்து!

அதுக்காகப் படம் எடுப்பவர்களை நான் தாங்கலை. "கலைக்கு விலை உண்டா" என்று ஆளைப் பார்த்து ரேட்டு சொல்றதும் அயோக்கியத்தனம்தான். பில்லை மூன்று வரியாகப் பிரிச்சுக் காட்டுங்க. ரோலும் கழுவுற கூலியும் ஒன்று. முதல் பிரிண்ட் இரண்டு. அதே நெகட்டிவில் மறுபிரிண்ட் மூன்று. மறுபிரிண்டுக்குக் கட்டாயம் விலை குறையணும். எத்தனை விநாடி வெளிச்சம் என்று முதல் தடவையே குறித்தாச்சே, அப்புறம் சேதாரம் எங்கே? நெகட்டிவ் யாருக்கு, உரிமை யாருக்கு என்பதையும் வேலைக்கு முன்னாடியே எழுதிக்குங்க.

பெரியப்பாவிடம் இந்தக் கணக்கை நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அந்தக் கறுத்துப்போன தாளையும் குடு, அதுக்கும் நாந்தானே காசு குடுக்கிறேன்" என்றார்.

நியாயம்தான். கொடுத்துட்டேன்.