ஏரி வெட்டிவிட்டு நாய் வாங்குங்கள்!

"மாமா, இதைப் பாருங்களேன்!" என்று கங்கைகொண்ட சோழபுரத்தில் இருக்கும் என் அக்கா மகன் செல்போனை நீட்டினான். உள்ளே ஒரு நாயின் படம். வெள்ளை உடம்பில் நீலம் பாய்ந்த மாதிரி கறுப்புப் புள்ளிகள், தாடைக்குக் கீழே தொங்கும் நீளக் காதுகள், கோபமே தெரியாத சோகக் கண்கள். "பிரான்ஸ் நாட்டு வேட்டை நாய் மாமா. குட்டிக்குச் சொல்லி வெச்சிருக்கேன்" என்றான்.

"வேணாம்டா" என்றேன். அவனுக்குக் கோபம். "ராஜேந்திர சோழன் கங்கையையே இந்த ஊருக்குக் கொண்டாந்தான். நான் ஒரு நாயைக் கொண்டாரக் கூடாதா?"

"கங்கைத் தண்ணியைக் கொண்டாந்தவன் சும்மா குடத்தோட நிக்கலை. மைல் கணக்குல கரை கட்டி, சோழகங்கம்னு ஏரியும் வெட்டினான். நீ இந்த நாய்க்கு என்ன வெட்டி வெச்சிருக்கே?"

பதில் இல்லை. வாசகர்களே, அந்தக் கேள்வியைத்தான் உங்களிடமும் கேட்க விரும்புகிறேன்.

அவன் காட்டிய ஜாதியின் பெயர் 'கிராண்ட் புளூ த காஸ்கோன்'. பிரான்ஸின் தென்மேற்கு மூலையில் உள்ள காஸ்கனிப் பகுதி அதன் பூர்வீகம். ஆண் நாய் தோள் வரைக்குமே 65 முதல் 70 சென்டிமீட்டர் உயரம். எடை முப்பது கிலோவுக்கு மேல். காட்டுப் பன்றியையும் மானையும் மோப்பம் பிடித்துக்கொண்டே, கூட்டமாக, மணிக்கணக்கில் ஓடுவதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட ஜீவன். 1785ல் லஃபாயெத் என்ற பிரெஞ்சுப் பிரபு, பின்னாளில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியான ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஏழு பிரெஞ்சு வேட்டை நாய்களைக் கப்பலில் அனுப்பி வைத்தார். வாங்கிக்கொண்டவருக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணை இருந்தது. நமக்கு? இரண்டு படுக்கையறை, ஒரு மொட்டை மாடி!

இந்த மாதிரி மோப்ப நாய்க்கு மூக்குதான் எஜமானன். நாயின் மூக்கில் வாசனை அறியும் செல்கள் இருபது, முப்பது கோடி. நமக்கு ஐம்பது, அறுபது லட்சம்தான். ஒரு வாசனை பிடித்துவிட்டால், நீங்கள் பெயர் சொல்லிக் கத்துவது அதன் காதில் ஏறாது. கதவு திறந்திருந்தால் ஜெயங்கொண்டம் சாலையில் லாரிக்கு நடுவே போய் நிற்கும். தனியே விட்டால் ஊளையிடும். அந்தக் குரல் காடு முழுக்கக் கேட்க வேண்டும் என்றுதான் பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இது தெரியுமா, பாவம்!

அதைவிடப் பெரிய பிரச்னை வெயில். அரியலூர் மாவட்டத்தில் சித்திரை, வைகாசியில் நூறு டிகிரியைத் தாண்டுவது புதிதா என்ன? நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கிறது. நாய்க்குப் பெரும்பாலும் பாதத்தில் மட்டும்தான் வியர்வை. மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்க வேண்டும். பெரிய உடம்பு என்றால் சிரமமும் பெரிது.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் வீட்டில் மணி என்று ஒரு லாப்ரடார் இருந்தான். ஒரு சித்திரை மாதக் கல்யாணத்துக்குப் போனோம். "மதியத்துக்குள்ளே வந்துடப் போறோமே" என்று தகரக் கொட்டகையில் கட்டிவிட்டுப் போனேன். தண்ணீர் வைத்திருந்தேன். அதை எப்போதோ தட்டிவிட்டிருக்கிறான். நாங்கள் திரும்பியபோது மணி நாலு. அவன் எழுந்திருக்கவில்லை. யாரைக் குற்றம் சொல்ல? தப்பு என்னுடையது. அதனால்தான் அக்கா மகனிடம் அவ்வளவு கடுமையாகப் பேசினேன்.

ஏற்கெனவே பெரிய நாய் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்.

காலை ஆறரை மணிக்குள்ளும், சாயங்காலம் தரை ஆறிய பிறகும் மட்டுமே நடக்கக் கூட்டிப் போங்கள். உங்கள் புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்து வினாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். கடுமையாக இரைத்து, எச்சில் வழிந்து, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டு போய், குழாய்த் தண்ணீரை உடம்பில் ஊற்றி, மின்விசிறி போட்டுவிட்டு, டாக்டரிடம் ஓடுங்கள். தாமதிக்காதீர்கள்.

தொங்கும் காதுக்குள் காற்றுப் போகாது. ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும். வாரம் ஒரு முறை மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். துர்நாற்றம் அடித்தாலோ, நாய் தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எண்ணெய் ஊற்ற வேண்டாம்!

ஒரே வேளையில் வயிறு முட்டப் போடாதீர்கள். மார்பு ஆழமான பெரிய நாய்களுக்குச் சாப்பிட்டதும் ஓடினால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சில மணி நேரத்தில் உயிரே போகும். இரண்டு, மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்து, பிறகு ஓய்வு கொடுங்கள். வெங்காயம், சாக்லெட், திராட்சை, பாயசத்தில் கிடக்கும் உலர்ந்த திராட்சை எதுவும் ஆகாது. உண்ணியைத் தினமும் தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் ரத்தத்தையே கெடுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேல் தடுப்பூசி. பிரான்ஸிலிருந்து நாம் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டென்றால், அது இதுதான். வெறிநாய்க்கடிக்கு ஊசி கண்டுபிடித்து 1885ல் ஒரு ஒன்பது வயதுச் சிறுவனைக் காப்பாற்றிய லூயி பாஸ்டர் பிரெஞ்சுக்காரர். அவர் பெயரில் நம் குன்னூரிலேயே 1907ல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு வருடந்தோறும் தவறாமல் போடுங்கள். குழந்தையை எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், "நம்ம வீட்டு நாய்தானே" என்று மஞ்சள் வைத்துக் கட்டாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த நோய் வந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. வருமுன் தடுக்க முழுக்க வழி இருக்கிறது.

"அப்போ நாயே வளர்க்கக் கூடாதுன்றீங்களா மாமா?" என்றான் அக்கா மகன். அப்படி யார் சொன்னது?

நம் மண்ணிலேயே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று வேட்டை நாய்கள் இல்லையா? 2005ல் ராஜபாளையத்துக்குத் தபால் தலையே வெளியிட்டார்கள். நம் வெயில் இவற்றுக்குப் பழகியது. ஆனால் இவையும் ஓடப் பிறந்தவைதான். தோட்டமும் வயலும் இல்லாதவர்களுக்கு இவையும் சரிப்படாது. வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேட்காதவை. பின்னால் நின்று கை தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

இடம் குறைவா? தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுத்துத் தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து வளர்த்துப் பாருங்கள். ராஜேந்திரன் கட்டிய கோயிலில் உச்சி வேளையில் போய் நின்றால் தெரியும். நாமெல்லாம் சுடுகல்லில் கால் வைக்க முடியாமல் துள்ளுவோம். ஊர் நாய் மட்டும் மதில் நிழலைப் பார்த்துப் படுத்திருக்கும். நிழல் நகர நகரத் தானும் நகரும். அந்தப் புத்தியை எந்தக் காசு கொடுத்து வாங்குவது?

குட்டி பத்துப் பன்னிரண்டு வருஷம் உங்களோடு இருக்கப் போகிற உயிர். இடம், நேரம், நிழல், தண்ணீர், டாக்டர் செலவு... இந்த ஐந்தும்தான் நீங்கள் வெட்ட வேண்டிய ஏரி.

அக்கா மகன் இப்போதைக்குக் குட்டி வேண்டாமென்று சொல்லிவிட்டான். வீட்டு வாசலில் ஒரு பழைய மண் தொட்டியில் தினமும் தண்ணீர் ஊற்றி வைக்கிறானாம். தெருவிலிருந்து செவலை நாய் ஒன்று வந்து குடித்துவிட்டுப் போகிறதாம்.

"பேரு வெச்சுட்டியாடா?" என்றேன்.

சிரிக்கிறான். வைத்துவிட்டான் என்று தெரிகிறது!