படலைக்குள் அடங்கும் உரிமை
பார்வையிழந்த மகனுக்கு வயது முப்பதைக் கடந்துவிட்டது. சோறு பிசைந்து கொடுப்பவள் இன்றும் தாயே. அவன் பெயரில் வரும் உதவிப் பணத்தை எண்ணிச் செலவழிப்பவர் தந்தையே. படலையைத் தாண்டித் தனியே செல்ல விடார். மகளாயின் கட்டுக்காவல் இருமடங்கு! “விழுந்துவிட்டால்?” என்பதே அவர்தம் வாதம். விழாது நடை பயின்றவர் எவர்?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. எங்கே, எவருடன் வாழ்வதெனத் தெரிவுசெய்யும் உரிமை அவர்களுக்கு உண்டென்கிறது அதன் 19 ஆம் உறுப்புரை. அரசிடம் உரிமை கேட்கும் நாம் அதனை வீட்டிலே மறுப்பது விந்தையன்றோ?

பெற்றோரின் அச்சம் பொய்யன்று. நம் வீதிகளும் பேருந்துகளும் அத்தகையன. ஆயினும் அவர்தம் காலத்தின் பின் அம்மகன் வாழ்ந்தாகவேண்டுமே! வங்கிப் புத்தகத்தையும் வீட்டுத் திறப்பையும் இவ்வாரமே அவன் கையில் ஒப்படையுங்கள்.