மே 17இல் ஒரு கொடி, மே 18இல் ஒரு கஞ்சி

கம்பஸில் இருந்து ஒரு செமஸ்டருக்குப் பரிமாற்ற மாணவர்களாக ஒஸ்லோ போன நாங்கள் இரண்டு பேர். நோர்வே எண்டால் எங்கட வீடுகளில் சமாதானப் பேச்சுத்தான் ஞாபகம் வரும். அந்த நாட்டின் தேசிய தினம் மே 17 என்பதே அங்கே போன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அதாவது முள்ளிவாய்க்கால் நினைவுநாளுக்கு முதல்நாள். போவமா விடுவமா என்று இரவு கனநேரம் கதைத்தோம். எங்களைப் பார்த்துக்கொண்ட யாழ்ப்பாணத்து அக்காதான், "பிள்ளையள், ஒருக்கா வந்து பாருங்கோ. பிறகு உங்கட அரசியலைக் கதையுங்கோ" என்று சொன்னா.

போனோம். தேசிய தினம் என்றால் இராணுவ அணிவகுப்பு, கவச வாகனம், மேடையில் தலைவரின் உரை என்றுதான் எங்களுக்குப் பழக்கம். கார்ல் யோஹான் வீதியில் வந்ததோ பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒவ்வொரு பாடசாலையும் தன்ர பதாகையோடு, பாண்ட் வாத்தியத்தோடு அரண்மனைப் பக்கம் நடந்தது. அரச குடும்பம் மாடத்தில் நின்று மணிக்கணக்காகக் கை காட்டியது. அக்காவின் மகளும் பூனாட் என்ற அவர்களின் பாரம்பரிய உடுப்போடு நடந்தாள். ஊர்வலம் முடிய எல்லாருக்கும் ஐஸ்கிரீமும் சொசேஜும். ஆளுக்காள் சொல்லிக்கொண்ட வாழ்த்துக்கூட பிறந்தநாளுக்குச் சொல்வதுதான்.

அக்காவின் மகள் எங்கள் இரண்டு பேரின் கையிலும் சின்னக் கொடி ஒவ்வொன்று தந்தாள். ஒரு ஆள் கடைசிவரைக்கும் பிடித்திருந்தோம். மற்ற ஆள் மெதுவாகப் பைக்குள் வைத்தோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எங்களைத் தொட்டது இதுதான். பள்ளிக்கூடத்தில் பெப்ரவரி 4க்கு வெயிலில் வரிசையில் நின்றபோது, கொடியைப் பார்த்து அசையாமல் நிற்கிறோமா என்று பார்க்க ஒரு ஆள் எப்போதும் நின்றார்.

நோர்வேயைத் தலையில் தூக்கிவைக்க இதை எழுதவில்லை. அவர்கள் கொண்டாடுவது 1814இல் எய்ட்ஸ்வோலில் எழுதிய அரசியலமைப்பை. அதே அரசியலமைப்பில்தான் யூதர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்ற வரியும் இருந்தது. ஹென்ரிக் வேர்கலாண்ட் என்ற கவிஞர் அதை நீக்கச் சொல்லிப் போராடி, 1845இல் செத்தும் போனார். வரி நீங்கியது 1851இல். பிள்ளைகளின் ஊர்வலம் 1870இல் தொடங்கியபோது ஆண்பிள்ளைகள் மட்டுமே நடந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு 1889வரை இடமில்லை. சாமி இனப் பிள்ளைகளின் மொழியைப் பள்ளிக்கூடங்களிலேயே நசுக்கிய நாடு அது. குடியேறிகளின் பிள்ளைகள் கனபேர் படித்த சாகேன பாடசாலைக்கு 1983இல் குண்டு மிரட்டலும் வந்தது. பிள்ளைகள் அப்படியும் நடந்தார்கள்.

ஆனால் ஒன்று இருக்கிறது. மே 17 காலையில் ஒஸ்லோவின் யூத சமூகத்தவர் வேர்கலாண்டின் கல்லறையில் மலர்வளையம் வைக்கிறார்கள். "இந்த நாளில் எங்களை வெளியே நிறுத்தினீர்கள்" என்ற ஞாபகம் அந்த நாளுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் கொண்டாட்டம் கெட்டுப்போனதாக யாரும் நினைப்பதில்லை.

எங்கட நாட்டுக்கு வருவோம். 1948 பெப்ரவரியில் சுதந்திரம். அதே வருசமே குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. பெப்ரவரி 4 மேடையில் யாராவது இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா? 2016இல் காலிமுகத்திடலில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். 2020இல் அரச நிகழ்வில் அது இல்லாமல் போனது. கறுப்புக்கொடி பிடிக்கிற மாணவர்களைத் துரோகி என்கிறார்கள். பாட்டைத் தமிழில் பாடினால் மட்டும் நாங்கள் வந்து நிற்போம் என்று நினைப்பதும் பிழை. எங்களுக்கு நடந்ததை அந்த நாளிலேயே சொல்ல இடம் வேண்டும்.

அடுத்த நாள், மே 18. அக்கா வீட்டில் அரிசியும் தண்ணியும் உப்பும் போட்ட கஞ்சி. விளக்குக் கொளுத்தினோம். நேற்றைய கொடி அதே மேசையில், பூச்சாடிக்குள் நின்றது. அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மேசையில் எங்களுக்கும் ஒரு கேள்வி வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த நேரம் சில மணித்தியாலங்கள்தான். எங்கட நினைவுநாட்களில் அவர்களுக்கு எங்கே இடம்? ஒரு முஸ்லிம் நண்பன் வந்து "உங்களுக்கு நடந்ததுக்கு அழுகிறேன், எங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கோ" என்றால், கஞ்சி குடிக்கிற நேரத்தில் இதென்ன கதை என்று சொல்லுவமா, கதிரை இழுத்துப் போடுவமா?

அரசாங்கம் மாறும்வரைக்கும் பெப்ரவரி 4 மாறாது. அது எங்கட கையில் இல்லை. எங்கட நாட்கள் எங்கட கையில்தான் இருக்கின்றன. வாற ஒக்டோபரில் எங்கட பீடத்திலேயே 1990 பற்றி இருந்து கதைப்போம் என்று நாங்கள் முடிவெடுத்திருக்கிறோம். எத்தனை பேர் வருவார்கள் என்று பார்ப்போம்.