காலையில் கிளம்ப மறுக்கும் வண்டி

கேள்வி: 'ஏற்காடு பக்கம் கிளியூரில் இரண்டு ஏக்கரில் காபியும் மிளகும் வைத்திருக்கிறோம். ஓரத்தில் சவ்சவ், பீன்ஸ். 2016-ல் வாங்கிய 100 சிசி பைக்தான் எங்களுக்கு எல்லாமே. மார்கழி பிறந்துவிட்டால் காலையில் ஸ்டார்ட் ஆவதே இல்லை. அரை மணி நேரம் உதைத்துவிட்டு, கடைசியில் இறக்கத்தில் உருட்டித்தான் கிளப்புகிறேன். சேலத்தில் இரண்டு முறை சர்வீஸ் செய்தும் பயன் இல்லை. விற்றுவிட்டுப் புது வண்டி எடுக்கலாமா? எடுத்தால் இந்த வருடக் காபிப் பணம் முன்பணத்துக்கே போய்விடும்.'

- கிளியூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பத்துக்கு ஒன்பது பூச்சி, நோய், மானியம் பற்றித்தான் இருக்கும். வண்டியைப் பற்றி வேளாண்மை அலுவலரிடம் கேட்கிறாரே என்று சிலர் நினைக்கலாம். காலை ஆறு மணிக்குக் காய்கறி மூட்டை சரக்கு வண்டிக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அன்றைய விலை போச்சு. ஆகவே இதுவும் விவசாயக் கேள்விதான். தவிர, ஏற்காட்டில் வேலை பார்த்த நாள்களில் இதே பாட்டை நானும் பட்டிருக்கிறேன்.

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். வண்டியை இப்போது விற்க வேண்டாம். குளிர் நல்ல வண்டியைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் சின்னக் குறையை விடியற்காலையில் வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். அந்தக் குறை எது என்று பார்க்காமல் புது வண்டி வாங்கினால், மூன்று வருடம் கழித்து அதுவும் இதே வேலையைக் காட்டும்.

குளிரில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஜினுக்குள் எரிவது பெட்ரோலின் ஆவி. குளிரில் ஆவியாவது குறைவு. எனவே பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சோக் இருப்பது அதற்குத்தான். ஆனால், மலையில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. மேலே காற்றின் அடர்த்தி, சேலத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. கார்ப்பரேட்டருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. சேலத்தில் வைத்த அளவில்தான் பெட்ரோலை விடும். காற்று குறைவாகவும் பெட்ரோல் அதிகமாகவும் போய், அரைகுறையாக எரிந்து, பிளக்கில் கரி படியும். அதாவது, கிளம்பும் அந்த ஒரு நிமிடத்துக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். கிளம்பிய பிறகு கூடுதல் பெட்ரோலே எதிரி. மலையில் சோக்கைப் போட மறந்தாலும் தொல்லை, எடுக்க மறந்தாலும் தொல்லை.

கிளப்பும் முறையைச் சொல்கிறேன். சாவியைப் போடும் முன் பெட்ரோல் டேப்பைத் திறந்து அரை நிமிடம் விடுங்கள். சாவி போடாமலேயே கிக்கரை மெதுவாக மூன்று, நான்கு முறை மிதியுங்கள். இரவெல்லாம் குளிர்ந்து கெட்டியான ஆயில் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். பிறகு சோக்கை முழுதாக இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல், அழுத்தி ஒரே உதை. பலர் செய்யும் தவறு, சோக்கையும் போட்டு ஆக்சிலேட்டரையும் முறுக்குவது. அப்படிச் செய்தால் சோக் போட்டதன் பலன் போய்விடும். வண்டி பிடித்ததும் சோக்கைப் பாதிக்குக் கொண்டு வந்து, ஒரு நிமிடத்துக்குள் முழுதாக எடுத்துவிடுங்கள். பத்து உதைக்கும் பிடிக்காமல் பெட்ரோல் வாடை அடித்தால், இன்ஜின் பெட்ரோலில் நனைந்துவிட்டது என்று பொருள். சோக்கை எடுத்து, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்து ஐந்தாறு முறை உதைத்தால் நனைந்தது காயும்.

இதற்கும் மசியாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இலையைப் பார்த்துச் சத்துக்குறைபாடு சொல்வதுபோல, பிளக்கின் முனையைப் பார்த்து இன்ஜினின் நிலையைச் சொல்லலாம். வெளிர் காபி நிறத்தில் இருந்தால் நலம். உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று அடைப்பு. பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி சரியாக வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்மானமாக இருக்கலாம், மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். பிளக் இடைவெளி பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். பழைய பிளக்கை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துப் போடுவதைவிட, மழை முடிந்ததும் ஒன்று புதிதாக மாற்றிவிடுவது மேல்.

பிளக்கைவிட அதிகம் ஏமாற்றுவது அதன் தலையில் மாட்டியிருக்கும் ரப்பர் மூடி. இங்கேதான் என் கதை வருகிறது. ஏற்காட்டில் இருந்த இரண்டாவது குளிர்காலத்தில் என் வண்டி காலையில் செத்துக் கிடக்கும், பத்து மணி வெயில் பட்டால் எழுந்துவிடும். கீழே ஒரு பட்டறையில் கார்ப்பரேட்டரையே மாற்றினார்கள். மாதச் சம்பளத்தில் கணிசமான தொகை போனதுதான் மிச்சம். ஒரு நாள் விடியாத இருட்டில் நான் உதைத்துக்கொண்டிருந்தபோது, பால் ஊற்ற வந்தவர், "சார், அங்க பாருங்க, மின்னுது" என்றார். குனிந்து பார்த்தால், மூடியில் இருந்த மயிரிழை வெடிப்பு வழியாக நீலப் பொறி இன்ஜின் மேல் தாவிக்கொண்டிருந்தது. மூடுபனியின் ஈரம் அந்த வெடிப்பில் இறங்கியதும், பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வெளியே ஒழுகியிருக்கிறது. வெயில் வந்து காய்ந்ததும் சரியாகிவிடும். மூடியின் விலை அன்றைக்கு இரண்டு டீ காசு. நீங்களும் ஒரு நாள் டார்ச்சை அணைத்துவிட்டு, இருட்டில் உதைத்துப் பாருங்கள். சுற்றிலும் பெட்ரோல் வாடை இல்லாதபோது மட்டும் செய்யுங்கள். வண்டியின் மேல் பிளாஸ்டிக் தாளை இறுக்கிப் போர்த்துவதும் வேண்டாம்; உள்ளே ஈரம் தங்கும். கூரை போதும். இல்லையென்றால் கீழ்ப்பக்கம் காற்றுப் போகும்படி சாக்கைப் போர்த்துங்கள்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் குளிரில் எளிதில் ஆவியாகாது; ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு சேர்த்து எரித்துவிடும், அதுவரை சரி. அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்க்கின் அடியில் உட்காரும். குளிர் கூடக் கூட, தாங்கும் அளவும் குறையும். டேப் பெட்ரோல் எடுப்பதோ அடியிலிருந்து. உங்களுடைய 2016 வண்டி இந்தக் கலவை வருவதற்கு முன் செய்தது. ஆகவே ரப்பர் குழாய் இறுகி வெடித்திருக்கிறதா, டேங்க் மூடியின் ரப்பர் வளையம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கார்ப்பரேட்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தனிக் கோடு தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும். மூடுபனிக் காலத்தில் ரிசர்வில் ஓட்டாமல், டேங்க்கை முக்காலுக்குக் குறையாமல் வைத்திருப்பது நல்லது.

செல்ஃப் ஸ்டார்ட் போடுபவர்களுக்கு பேட்டரியும் ஒரு காரணம். 10 டிகிரி குளிரில் பேட்டரி தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். அதே நேரம் கெட்டியான ஆயிலைச் சுற்ற அதிக பலம் தேவை. இரவு நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் போடுங்கள். முதல் கிளப்பலைக் கிக்கரில் செய்தால் பேட்டரிக்கு ஆயுள் கூடும். ஆயிலைப் பொறுத்தவரை கையேட்டில் 10டபிள்யூ30 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். கெட்டியாக இருந்தால் இன்ஜினுக்கு நல்லது என்று 20டபிள்யூ40 ஊற்றும் பழக்கம் மலையில் உதவாது.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு வாங்கிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்ப்பரேட்டரே கிடையாது, சோக்கும் இல்லை. குளிரையும் காற்றையும் அளந்து பெட்ரோலைத் தானே தெளிக்கும். அவற்றில் சாவியைப் போட்டதும் ஒரு 'கிர்' சத்தம் கேட்கும், அது பெட்ரோல் பம்ப். சத்தம் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பேட்டரி அடியோடு செத்துவிட்டால் இந்த வண்டிகளை எவ்வளவு தூரம் உருட்டினாலும் பலன் இல்லை, பம்ப்பே ஓடாது.

உருட்டுவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சமதரையில் இரண்டாவது கியரில் போட்டு நாலு அடி தள்ளுவது வேறு. நீங்கள் எழுதியிருப்பது கிளியூர் இறக்கம். பனி மூடிய விடியலில், பின்னால் 40 கிலோ மூட்டையோடு, இன்ஜின் ஓடாமல் இறங்குகிறீர்கள். பல வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் முன்விளக்கே எரியும். எதிரே வருபவருக்கு உங்களைத் தெரியாது, ஹாரனும் நம்பத் தகுந்ததல்ல. வளைவில் கிளட்ச்சை விடும் நொடியில் ஈரச் சாலையில் பின்சக்கரம் இறுகினால் மூட்டையோடு பள்ளம்தான். வண்டி கிளம்பாத நாளில் மூட்டையைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், நாளை அவருக்கும் தேவைப்படும்.

அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. பனிக்குப் பயந்து வண்டியை வீட்டுக்குள், பிள்ளைகள் தூங்கும் அறையை ஒட்டிய கூடத்தில் நிறுத்துகிறோம். கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே கிளப்பிச் சூடேற்றுகிறோம். சோக் போட்ட வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு மிக அதிகம். நிறம் கிடையாது, அதற்கென்று வாடையும் கிடையாது. மூடிய அறையில் கரிக் கணப்பு மூட்டித் தூங்கினால் என்ன ஆபத்தோ, அதே ஆபத்து. தூங்குபவர் தூங்கியபடியே போய்விடுவார். வெளியே தள்ளிக்கொண்டு போய்க் கிளப்புங்கள். வெகு நேரம் சூடேற்றவும் தேவை இல்லை. ஒரு நிமிடம் நின்று, முதல் ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் போதும்.

பவர் ஸ்பிரேயர், புல்வெட்டும் கருவி வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான். அவற்றில் ஆயில் கலந்த பெட்ரோல் என்பதால், போன பருவத்தில் மிஞ்சியதை அப்படியே விட்டுவைத்தால் கார்ப்பரேட்டரில் பிசினாகிவிடும். வேலை முடிந்ததும் டேங்க்கை வடித்துவிட்டு, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள்.

கடிதத்தில் எண் இருந்ததால் கிளியூர் வாசகரிடம் பேசினேன். சேலத்தில் சர்வீஸ் செய்தும் ஏன் சரியாகவில்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அவர் 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, முப்பது கிலோமீட்டர் ஓட்டி, சூடான வண்டியை மதியம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். ஒரே உதையில் கிளம்பும் வண்டியில் மெக்கானிக் என்ன குறையைக் கண்டுபிடிப்பார்? கீழே இருக்கும் காற்றுக்கு ஏற்றபடி டியூன் செய்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. வண்டியை முந்தின நாள் மாலையே மலையில் இருக்கும் மெக்கானிக்கிடம் விட்டு, காலையில் குளிர்ந்த நிலையில் அவரே முதல் உதை உதைக்கட்டும் என்று சொன்னேன்.

எட்டு நாள் கழித்து அவரே அழைத்தார். பிளக் கரி அப்பிக் கிடந்ததாம். ஏர் ஃபில்டரில் மண்சாலைப் புழுதி அடைத்திருக்கிறது. சோக் கேபிள் துருப்பிடித்து, தள்ளிய பிறகும் பாதியிலேயே நின்றிருக்கிறது. அதாவது வருடக்கணக்கில் பாதி சோக்கிலேயே ஓட்டியிருக்கிறார். "மைலேஜ் குறையுதேன்னு நெனச்சேன் சார், வண்டி வயசாயிடுச்சுன்னு விட்டுட்டேன்" என்றார். பிளக், ஃபில்டர், கேபிள், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கிறது. இப்போது மூன்றாவது உதையில் பிடிக்கிறதாம். முதல் உதையில் பிடிக்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். மார்கழியில் அது போதும் தம்பி என்றேன்.

போனை வைக்கும் முன், தோட்டத்தில் நாலைந்து மிளகுக் கொடிகள் அடியிலிருந்து மஞ்சளாகி வாடுவதாகச் சொன்னார். வேரோடு ஒரு கொடியைத் தோண்டி எடுத்து, ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அடுத்த இதழில் எழுதுகிறேன்.