பொணம் எடுக்க நாங்க, நீச்சல் பழக்க அவங்களா?

எங்கள் மாவட்டத் தலைநகரில் அரசு கட்டிய நீச்சல் குளம் ஒன்று உண்டு. கோடைப் பயிற்சிக்கு அக்கா மகளைச் சேர்க்கப் போயிருந்தேன். வாசலில் ஒரு பலகை. சிறுவர் அணியின் பயிற்சியாளர்கள் நான்கு பேர் படம், கீழே அவரவர் பின்னணி. ஒருவர் பல்கலைக்கழகப் போட்டியில் பதக்கம் வாங்கியவர். ஒருவர் பாட்டியாலாவில் பட்டயம் முடித்தவர். இன்னொருவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். நான்காமவர், மூன்று தலைமுறையாகச் சொந்தக் கிணற்றில் நீந்திய குடும்பத்தில் வந்தவராம்.

சொந்தக் கிணறு! அதை வெட்டினது யாரு? எங்க தாத்தா அப்படிப்பட்ட கிணறுகளுக்குத்தான் வெடி வெச்சு, கல் தூக்கினவர். தண்ணி ஊறின அன்னிக்கு மேலே ஏறினவரை மறுபடி அதில் கால் நனைக்க விடவில்லை. எங்கள் பிள்ளைகள் நீச்சல் பழகியது கல்குவாரிக் குட்டையில். படி கிடையாது, ஆழம் தெரியாது. என்னோடு அஞ்சாவது படிச்ச ஒருத்தன் அதுல முங்கினவன்தான், எழுந்து வரவேயில்லை.

ஆனா ஊர்க் கிணத்துல யாராவது விழுந்து செத்தா, நடுராத்திரியிலும் எங்க தெருவுக்கு ஆள் வரும். பெரியப்பாவைத் தேடித்தான். பேரன் வயசுப் பையன் 'ஏய், எறங்குடா' என்பான். மூச்சுப் பிடிச்சு முங்கி, சேத்துல துழாவி, பொணத்தைத் தூக்கிக்கிட்டு வருவார். கூலி ஒரு குவார்ட்டர், அம்பது ரூபா. மறுநாள் மோட்டார் போட்டு மொத்தத் தண்ணியையும் இறைப்பான். பொணம் கிடந்ததுக்காக இறைச்சானா, பெரியப்பா உடம்பு பட்டதுக்காக இறைச்சானா? எங்க தெருவுல இந்தச் சந்தேகம் இன்னும் தீரலை.

1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் சாணியும் கோமியமும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். 1964இல் அமெரிக்காவின் செயின்ட் அகஸ்டின் நகரில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து இறங்கிய விடுதிக் குளத்தில், விடுதிக்காரன் அமிலம் ஊற்றினான். அங்கே அமிலம், இங்கே கோமியம்.

இதைச் சொன்னால் முற்போக்கு நண்பர், "தண்ணிக்கு ஏது தோழர் சாதி? திறமையைத்தானே பார்க்கணும்" என்கிறார். சரி, திறமையையே பேசுவோம். பட்டயத்துக்குப் போட்டிச் சான்றிதழ் வேண்டும். போட்டிக்குப் பழகக் குளம் வேண்டும். குளத்துக்குக் கட்டணம் வேண்டும். கட்டணம் வாங்கும் முன்னே "எந்த ஊரும்மா? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று அக்கா மகளிடம் கேட்டார்கள். இந்தச் சுற்றில் பெரியப்பா மகன் எந்த வழியாக நுழைவான்? அவனும் அப்பனைப் போல முங்குவான். குட்டையிலிருந்து ரெண்டு பிள்ளைகளை உயிரோடு தூக்கியிருக்கான். அந்தப் பின்னணிக்குப் பலகையில் இடமில்லை.

பிலடெல்ஃபியாவில் ஜிம் எல்லிஸ் என்கிற கறுப்பினக் கணக்கு வாத்தியார், 1971இல் நகராட்சிக் குளத்தில் கறுப்புப் பிள்ளைகளை வைத்து அணி கட்டினார். கறுப்பருக்கு மிதக்கும் உடம்பு இல்லையென்று 1987இல்கூட ஒரு பேஸ்பால் அணி நிர்வாகி தொலைக்காட்சியில் உளறினான். எல்லிஸின் பிள்ளைகள் ஒலிம்பிக் தேர்வுப் போட்டிவரை நீந்தினார்கள். கரையில் நிற்பவன் யார் என்பதுதான் குளத்தில் இறங்குபவன் யார் என்பதை முடிவு செய்கிறது.

அந்த நான்கு பேரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. விசாரித்துப் பார்த்தேன். ஒருவர்கூடச் சேரியிலிருந்து வரவில்லை. இதைத் தற்செயல் என்று சொல்லாதே என்கிறேன். நம் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் குளத்தைத் திற. நம் இளைஞர்களை அரசுச் செலவில் பட்டயத்துக்கு அனுப்பு. சலுகை கேட்கவில்லை, தோழர்களே. குளம் நம் வரிப்பணத்திலும் கட்டியது.

அக்கா மகளைச் சேர்த்துவிட்டேன். தினமும் காலையில் பெரியப்பா மகனையும் கூட்டிப்போகிறேன். கரையில நின்னு, "தோளை இன்னும் எறக்கு பாப்பா" என்று கத்துகிறான். காவலாளி எங்களை வெளியே போகச் சொல்கிறார்.

போகமாட்டோம்.