பொல்லாதவர்கள் கூட்டுச் சேர்ந்தால்...

ஒரு வில்லன் வந்தால் கதை நடக்கும். நாலு வில்லன்கள் கூட்டுச் சேர்ந்தால் கதை பறக்கும்!

படக்கதை படிக்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் எல்லா வில்லன் கூட்டமும் சுவைப்பது இல்லை. சில கூட்டங்கள் நெஞ்சை விட்டு அகல்வதில்லை. சில, புத்தகத்தை மூடியதும் மறந்து போகின்றன. ஏன்?

ஆளுக்கு ஒரு வேலை

திருப்பூரில் பனியன் உருவாவதைப் பாருங்கள். நூலைத் துணியாகப் பின்னுகிறவர் ஒருவர். சாயம் ஏற்றுகிறவர் ஒருவர். வெட்டுகிறவர் கட்டிங் மாஸ்டர். பவர் டேபிளில் தைக்கிறவர்கள் வேறு. செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆட்கள் வேறு. நடுவில் ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்கவேண்டியதுதான்.

நல்ல வில்லன் கூட்டமும் இப்படித்தான்! ஒருவன் வேலையை இன்னொருவன் செய்ய முடியக்கூடாது. கூட்டத்தில் இரண்டு முரடர்கள் இருந்தால், ஒருவன் வீண்.

1965-ல் இங்கிலாந்தில் 'லயன்' என்ற வார இதழில் 'ஸ்பைடர்' என்ற படக்கதை வந்தது. (இவர் அமெரிக்க 'ஸ்பைடர்மேன்' அல்ல, வேறு ஆள்!) குற்றவாளிகளுக்கு எல்லாம் அரசனாக வேண்டும் என்பது ஸ்பைடரின் ஆசை. முதலில் அவன் தேடியது இரண்டே பேரை. ஒருவன், எந்தப் பெட்டகத்தையும் திறக்கும் ஆர்டினி. இன்னொருவர், விஞ்ஞானி பெல்ஹாம். தலைவனுக்கு மூளை, ஒருவனுக்குக் கை, இன்னொருவருக்குக் கருவி. கூட்டம் முடிந்தது! சிவகாசியில் 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் மூலம் அந்த ஸ்பைடர் தமிழ்ப் பிள்ளைகளின் கைக்கும் வந்தான்.

ஆசை ஒன்றல்ல

வேலை மட்டும் அல்ல. சேர்ந்த காரணமும் ஆளுக்கு ஆள் மாறவேண்டும்.

இதை நம் பாரதத்தைவிட அழகாகக் காட்டிய கதை ஏது? துரியோதனனுக்குப் பொறாமை. சகுனிக்குச் சூது. துச்சாதனனுக்கு அண்ணன் சொல்லே வேதம். கர்ணனுக்கோ செஞ்சோற்றுக் கடன்! கெட்டவர்கள் கூட்டத்தில் ஒரு நல்லவன் அகப்பட்டுக்கொண்டான். அதனால்தான் அவனுக்காக இன்றும் கண்ணீர் விடுகிறோம்.

உள்ளே ஓர் ஓட்டை

அந்தக் கூட்டம் எப்படித் தோற்றது? வீரம் குறைந்ததாலா? இல்லை. பீஷ்மர் தளபதியாக இருக்கும்வரை போரிட மாட்டேன் என்றான் கர்ணன். பத்து நாள் சும்மா இருந்தான். பிறகு அவனுக்குத் தேர் ஓட்டிய சல்லியன், அவனையே ஏளனம் செய்தான்.

1964-ல் அமெரிக்காவில் வந்த ஸ்பைடர்மேன் கதையிலும் இதே கூத்து! டாக்டர் ஆக்டோபஸ் தன்னோடு சேர்த்து ஆறு வில்லன்களைக் கூட்டினான். ஆறு பேரும் ஒன்றாகப் பாய்ந்திருந்தால் ஸ்பைடர்மேன் பாடு திண்டாட்டம். ஆனால் ஆளுக்கு ஓர் இடத்தில், தனித்தனியாக மோதினார்கள். தனித்தனியாகவே உதை வாங்கினார்கள்!

வெளியிலிருந்து கதாநாயகன் அடிப்பது பாதி. உள்ளுக்குள் அகந்தை அரிப்பது பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் முடிவு சுவைக்கும்.

பெற்றோர்களே!

"கும்பல் கதை படித்தால் பிள்ளை கெட்டுப்போகாதா?" என்று கேட்கலாம். நியாயமான பயம்தான். அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போய்விட்டு இரவில் திரும்பும் வீடுகள் பனியன் ஊரில் ஏராளம். தனியாக இருக்கும் பிள்ளையைத் தேடி யார் வருவார்கள் என்று சொல்லமுடியாது.

ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். துரியோதனன் கர்ணனுக்கு அங்க நாட்டைக் கொடுத்தது எப்போது? குலத்தைக் கேட்டுச் சபை நடுவே அவனை அவமானப்படுத்தியபோது! கெட்ட கூட்டம் ஆள் பிடிப்பது அப்படித்தான். மனம் நொந்து நிற்கிறவனிடம் வரும். முதலில் அன்பாகப் பேசும். டீ வாங்கிக் கொடுக்கும், சினிமாவுக்கு அழைக்கும். வேலை பிறகுதான் வரும். திருவள்ளுவர் 'தீ நட்பு', 'கூடா நட்பு' என்று இரண்டு அதிகாரம் வைத்தது சும்மாவா?

ஆகவே புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் படியுங்கள். படக்கதையில் வரிகள் சின்னவை. புரியாத சொல்லுக்குப் படமே பொருள் சொல்லும். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் அது நல்ல துணை.

படித்து முடித்ததும் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இவன் ஏன் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தான்?"

பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையை எந்தக் கூட்டமும் எளிதில் ஏமாற்ற முடியாது.