கூட்டுத்தொகை மறைக்கும் குறைவு

ஓர் ஆற்றில் மீன்வளம் பெருகுகின்றதா, அருகுகின்றதா என்பதை ஒரு நாள் பிடிப்பைக் கொண்டு முடிவு செய்தல் இயலாது. வெள்ளமும் வறட்சியும் வலைக்கண்ணின் அளவும் அன்றைய பிடிப்பை மாற்றிவிடும். ஆகவே, ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஒரே முறையில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் கணக்கே நம்பத்தக்கது. அக்கணக்கும் இனவாரியாகப் பிரிக்கப்படாவிடின் பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும். காவிரியின் மஹசீர் மீன் இதற்குத் தக்க சான்றாகும்.

திமில் மஹசீர் காவிரிப் படுகைக்கே உரியது. 40 கிலோகிராமுக்கு மேலும் வளர வல்லது. நீலத்துடுப்பு மஹசீரோ கிருஷ்ணா படுகையைச் சேர்ந்தது. 1970-களில் தொடங்கிய செயற்கை இனப்பெருக்கத்தால் கிடைத்த அதன் குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன.

கர்நாடகத்தில், காவிரியின் ஒரு பகுதியில் தூண்டிலிட்டுப் பிடித்த மஹசீரை மீண்டும் ஆற்றிலேயே விடும் வழக்கம் இருந்தது. பிடித்த மீனின் எடையும் தூண்டிலிட்ட நேரமும் 1998 முதல் 2012 வரை குறித்து வைக்கப்பட்டன. 23,620 மணி நேரத்தில் 6,161 மீன்கள் அகப்பட்டன. இக்குறிப்புகளை ஆராய்ந்த கட்டுரை 2015-இல் வெளியாயிற்று. ஒரு மணி நேரத்திற்கு அகப்பட்ட மீன்களின் எண்ணிக்கை காலப்போக்கில் உயர்ந்திருந்தது. ஆயின், உயர்ந்தது நீலத்துடுப்பு மஹசீரே. திமில் மஹசீர் அருகிக்கொண்டே வந்தது. மொத்தத் தொகையை மட்டும் கண்டவர் ஆறு செழிக்கின்றது என்றே மகிழ்ந்திருப்பர். 2018-இல் திமில் மஹசீர், அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகச் செம்பட்டியலில் இடம்பெற்றது.

2012-இல் அங்குத் தூண்டில் மீன்பிடிப்பு தடைசெய்யப்பட்டதும், அக்குறிப்புகளும் நின்றுபோயின. பிடிப்பதைத் தடுப்பது ஒன்று. எண்ணுவதை நிறுத்துவது வேறொன்று. தடை விதிக்கும்போதே மாற்றுக் கணக்கெடுப்புக்கும் வழி செய்தல் வேண்டும். கணக்கில்லாத காப்பு, பயன் தந்ததா என்பதை எவரும் அறிய இயலாது.

களப்பணியாளர் இனம், எடை, இடம், செலவிட்ட நேரம் ஆகிய நான்கையும் தவறாது பதிதல் வேண்டும். மீன் ஒன்றும் அகப்படாத நாளையும் விடாமல் குறித்தல் இன்றியமையாதது. இன்மையும் ஒரு செய்தியே. எந்த ஆற்றிலும் குஞ்சுகளை விடுமுன், அவை அவ்வாற்றுக்கு உரியவைதாமா என்று ஆராய்வது கடமையாகும். ஆற்றங்கரைப் பள்ளிகளின் ஆசிரியர்கள், தம் ஊர் ஆற்றின் மீன்களை இனங்கண்டு வரைந்து பெயரிட மாணவரைப் பழக்கலாம். இனம் பிரித்தறியும் கண் இளமையிலேயே அமைந்தால்தான், நாளைய கணக்கு உண்மையைச் சொல்லும்.